கீற்றுப் பந்தல் வரைபடத்தில் இருக்காது

அன்புள்ள அம்மாவுக்கு,

தீ பாதுகாப்பு வேலை மகனுக்கு ஆபத்தில்லையா, அதற்கென்று ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டலாமா என்று உங்கள் கடிதத்தில் பெரிதாக எழுதியிருந்த இரண்டு கேள்விகளையும் விட, ஓரத்தில் எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "எல்லாக் கணக்கையும் சாஃப்ட்வேரே போட்டுவிடுகிறதாம், அப்புறம் இவன் எதற்கு?" சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகனை அந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துக்கொள்ளத் துடிப்பவர்கள், இந்தக் கேள்வியை அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது சைரன் வண்டியில் ஏறிப் போகும் வேலை இல்லை. அந்த வேலைக்குத் தனித் தேர்வு, தனி உடல் தகுதி உண்டு. தம்பி சொல்வது ஃபயர் இன்ஜினீயரிங் டிசைன். கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவார்கள், படிக்கட்டின் அகலம் போதுமா, தீயின் சூட்டில் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தேவையான அழுத்தத்தோடு வருமா என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் வேலை. பெரும்பாலும் மேசை வேலைதான். நடுநடுவே சைட்டுக்குப் போய் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.

இனி அந்த ஓரத்து வரிக்கு வருகிறேன். உங்கள் ஊர் மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் 300 சதுர மீட்டர் ஹால். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 பதிப்பு, நான்காம் பகுதி முழுக்கத் தீ பாதுகாப்பு பற்றியது. அதன்படி நாற்காலி போட்டு உட்காரும் கூட்டத்துக்கு ஆளுக்கு 0.6 சதுர மீட்டர் என்று கணக்கு. 300ஐ 0.6ஆல் வகுத்தால் 500 பேர். படிக்கட்டுக்கு ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், ஆக மொத்தம் 5 மீட்டர். இரண்டு மீட்டர் படிக்கட்டு என்றால் மூன்று வேண்டும். கதவுக்கு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் வீதம் மூன்றே கால் மீட்டர்.

அதே ஹாலைச் சாப்பாட்டுக் கூடம் என்று போடுங்கள். விதித்தொகுப்பில் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆளுக்கு 1.5 சதுர மீட்டர். ஆள் எண்ணிக்கை 200ஆக இறங்கிவிடுகிறது, படிக்கட்டின் மொத்த அகலமும் இரண்டே மீட்டர்.

சாஃப்ட்வேரில் இந்த வித்தியாசம் ஒரு சின்னப் பெட்டியில் எதைத் தேர்ந்தெடுத்து க்ளிக் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. வகுத்தலிலும் பெருக்கலிலும் அது தப்பே செய்யாது. ஆனால் நம் ஊர் மண்டபத்தில் பந்தி நடக்கும் மாடியிலேயே மறுநாள் நாற்காலி போட்டு ரிசப்ஷன் நடக்கும் என்பது அதற்குத் தெரியாது. உரிமையாளருக்குத் தெரியும், ஆனால் மூன்றாவது படிக்கட்டுக்கு ஆகும் செலவை நினைத்துச் 'சாப்பாட்டுக் கூடம்னே போடுங்க தம்பி' என்பார். இல்லை சார், 500 பேருக்குத்தான் போட வேண்டும் என்று சொல்லி, ஏன் என்றும் விளக்க ஓர் ஆள் வேண்டுமே, உங்கள் மகன் அதற்குத்தான்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்பதால் இதைத் தயங்கியபடியே எழுதுகிறேன். 2004ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம், ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளி. கும்பகோணத்தில் மட்டும் 94 குழந்தைகள். இரண்டு இடத்திலும் தீயை வளர்த்தது கீற்றுதான். இன்று அந்த மண்டபத்தின் வரைபடத்தை எந்தச் சாஃப்ட்வேரில் ஏற்றினாலும், மாடியில் பிறகு போட்ட கீற்றுப் பந்தல் அதில் வராது. யாராவது நேரில் போய்ப் பார்த்து, பார்த்ததைக் கணக்கில் சேர்த்தால்தான் உண்டு.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். ஸ்பிரிங்ளர் குழாயில் உராய்வால் எவ்வளவு அழுத்தம் குறையும் என்பதற்கு ஹேசன்-வில்லியம்ஸ் சமன்பாடு என்று ஒன்று உண்டு. எலைட் ஃபயர் மாதிரியான சாஃப்ட்வேர் அதைப் பல நூறு குழாய்த் துண்டுகளுக்குச் சில நொடிகளில் போட்டுவிடும். ஆனால் அதில் குழாயின் உள்விட்டம் 4.87 என்ற அடுக்கில் வருகிறது. உள்விட்டம் பத்து சதவீதம் குறைந்தால் அழுத்த இழப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். கடைக்காரர் சொல்லும் 'ஒரு இன்ச்'சை அப்படியே உள்விட்டமாக அடிக்கும் பையனுக்கும், குழாயின் பட்டியலை எடுத்து உண்மையான உள்விட்டத்தைப் பார்க்கும் பையனுக்கும் நடுவே பம்பின் அளவே மாறிப்போகும். எனக்குத் தெரிந்த மூத்த பொறியாளர் ஒருவர் நேர்காணலில் லேப்டாப்பை மூடச் சொல்லிவிடுவார். "கே மதிப்பு 80 உள்ள ஸ்பிரிங்ளரில் ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் வருகிறது. எனக்கு 160 லிட்டர் வேண்டும், எத்தனை பார்?" இரண்டு என்று சொன்னவர்களை மரியாதையாக வாசல்வரை வந்து அனுப்பிவைப்பாராம். விடை நான்கு. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தம்பியிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான்.

அடுத்தது, அந்தப் பயிற்சி நிலையம். ஆறு மாதம், லட்சத்துக்கு மேல் கட்டணம், முடித்தால் வளைகுடா வேலை 'உறுதி' என்று துண்டறிக்கையில் இருக்கிறது. 'உறுதி' என்ற சொல்லைக் கண்டால் நான் பர்ஸை மூடிவிடுவேன். பாடத்திட்டத்தை நீங்கள் அனுப்பியதால் சொல்கிறேன். பாதி, தொழிற்சாலையிலும் கட்டுமான இடத்திலும் வேலை செய்யும் சேஃப்டி ஆபீசருக்கானது. ஹெல்மெட், சாரம், பணி அனுமதிச் சீட்டு என்று போகும். அது மதிப்பான வேலைதான், ஆனால் தம்பி கேட்பது வேறு. மீதிப் பாதி, சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பது.

அந்தப் பட்டன்களைக் காசில்லாமலே கற்கலாம். புகையும் வெப்பமும் எப்படிப் பரவும் என்று கணிக்கும் எஃப்.டி.எஸ். மென்பொருளை அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகத் தருகிறது. அதைவிட எளிய சிஃபாஸ்ட்டும் அங்கேயே இலவசம். அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் விதிகளையும் அவர்கள் தளத்தில் பதிவு செய்துகொண்டு படிக்கலாம்.

எஃப்.டி.எஸ். பற்றி ஓர் எச்சரிக்கை. புகை பரவுவதை அது வண்ணத்தில் காட்டும் அழகில் மயங்கி அதையே வேலை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். தீ எவ்வளவு வேகமாக வளரும் என்பதை நாம்தான் உள்ளே கொடுக்கிறோம். 'வேகமான' தீ என்று கொடுத்தால் அதன் வெப்பம் சுமார் ஒரு மெகாவாட்டைத் தொட 150 விநாடி, 'மெதுவான' தீ என்றால் 600 விநாடி. மக்கள் வெளியேற ஐந்து நிமிடம் பிடிக்கும் கட்டடம் மெதுவான தீயில் தேர்ச்சி பெறும், வேகமான தீயில் தோற்றுப்போகலாம். இரண்டு வீடியோவும் ஒரே அழகுதான்.

விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். தேசிய விதித்தொகுப்பில் 15 மீட்டரிலேயே உயர்மாடிக் கட்டடம் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்ட வேண்டும். துபாய்க்குப் போனால் அமீரகத்தின் தனி விதி. எந்தச் சாஃப்ட்வேர் எந்த விதியின் எந்தப் பதிப்பை உள்ளே வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டால், பாதி தூரம் தாண்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் யோசனை: சிவில் பட்டத்தை ஒழுங்காக முடிக்கட்டும். பாய்ம இயக்கவியலில் அரியர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதித் தேறுவது இந்தத் துறைக்கு எந்தச் சான்றிதழையும்விட முக்கியம், தண்ணீர்க் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆட்டோகேட், ரெவிட் வரைபடம் படிக்கத் தெரியட்டும். பிறகு சென்னையிலோ பெங்களூருவிலோ கட்டடத்தின் ஏ.சி., மின்சாரம், குழாய் வேலைகளை வடிவமைக்கும் எம்.இ.பி. ஆலோசனை நிறுவனம் ஒன்றில் ஃபயர் பிரிவில் சேரட்டும். ஐ.டி.க்குப் போன நண்பர்களின் சம்பளத்தோடு முதல் மூன்று வருடம் ஒப்பிட வேண்டாம், வீட்டில் சண்டைதான் வரும். அனுபவம் சேர்ந்த பின் மேலே படிக்க விரும்பினால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, சுவீடனின் லுண்ட், பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன.

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கும் இதில் ஆர்வம் என்றீர்கள். அவளுக்கு நேர்வழியே உண்டு: நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் ஃபயர் இன்ஜினீயரிங் பட்டப்படிப்பு, கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட்டில் சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினீயரிங் பி.டெக். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று உறவுக்காரர்கள் சொன்னால், டிசைன் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று சொல்லுங்கள். சைட்டுக்கும் போக வேண்டும் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பயிற்சி நிலையத்துக்கு அட்வான்ஸ் கட்டுவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் தம்பி ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மண்டபத்துக்குப் போகட்டும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, மேனேஜரிடம் சொல்லிவிட்டு. ஹாலின் நீள அகலம், கதவுகள், படிக்கட்டின் அகலம், எந்தக் கதவுக்கு எதிரே பாத்திரம் அடுக்கியிருக்கிறது, எது பூட்டியே கிடக்கிறது என்று எல்லாம் குறித்து, கையால் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பட்டும். பிறகு அதே கணக்கை எக்செல்லில் போட்டு அதையும் சேர்த்து அனுப்பட்டும். இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்.