கையால் தைத்த சட்டைப் பொத்தான் சில வாரங்களிலேயே அறுந்து விழுவது ஏன்? எப்படித் தைத்தால் நிற்கும்?

பொத்தான் விழுந்தால் நாம் பெரும்பாலும் நூலைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் பலமுறை நான் கண்ட காரணம், பொத்தானைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்துவிடுவதே. பொத்தானைப் போடும்போது காஜா எடுத்த பட்டியின் கனம் பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே அமர வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால், ஒவ்வொரு முறை போட்டுக் கழற்றும்போதும் நூல் துளையின் விளிம்பில் உராய்ந்து, இழை இழையாகத் தேய்ந்து அறுந்துவிடும்.

பழைய நூல் துணுக்குகளைப் பிய்த்தெடுத்துவிட்டு, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நூலைக் கோத்து இரட்டையாக்கி முடிச்சிட்டு, அதே இடத்தில் துணியில் இரண்டு சிறு தையல் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பொத்தானை வைத்து, அதன் மேல் ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, குச்சியின் மேலாக நூல் செல்லும்படி ஒவ்வொரு ஜோடித் துளையிலும் 3 அல்லது 4 முறை தையுங்கள்.

இனி வருவதுதான் பலரும் விட்டுவிடும் வேலை. குச்சியை உருவிப் பொத்தானை மேலே இழுத்தால், அடியில் நூல்கள் தளர்ந்து நிற்பது தெரியும். ஊசியைப் பொத்தானுக்கும் துணிக்கும் இடையே கொண்டுவந்து, அந்த நூல்களைச் சுற்றி 5, 6 சுற்று இறுக்கமாகச் சுற்றினால், பொத்தானுக்குக் குட்டையான, விறைப்பான ஒரு கால் உருவாகிவிடும். பின்னர் ஊசியை உள்பக்கம் இறக்கி இரண்டு முடிச்சுப் போட்டு நூலை வெட்டுங்கள்.

கம்பளிக் கோட்டுக்கு இந்தக் கால் இன்னும் உயரமாக வேண்டும். உள்பக்கம் ஒரு சிறு பொத்தானையும் சேர்த்துத் தைத்தால் துணி கிழியாது.