உணவுக்குழாய்க் கட்டியில் பயாப்ஸி எடுக்காமல் விட்டால் அது அலட்சியமா?

அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் கட்டி தெரிந்தது, பயாப்ஸி (திசுவில் துணுக்குக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்புவது) எடுக்காமல் வேறு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், இது அலட்சியம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. எடுத்திருக்கக் கூடாத இடத்தில் எடுத்துவிட்டார்கள்.

நான் மருத்துவன் இல்லை, பள்ளி ஆசிரியர். ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று யாராவது வரலாம். அந்த ஒரு நோயாளி என் அக்கா. அவளோடு எட்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவுக்கு அப்போது 44 வயது. கோவில்பட்டியில் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்று ஒரு வருடமாகச் சொன்னாள். நாங்கள் கேஸ் என்றோம். தோசையில் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து போவாள். அடுப்படிச் சுவரில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் நெஞ்சை நீவிக்கொண்டு நிற்பாள். இரண்டு மடக்குத் தண்ணீரில் அது இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். கொஞ்ச நாளில் தோசை போய்க் கஞ்சி வந்தது. அப்போதே நான் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

முதல் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் முன்பற்களிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் ஒரு புடைப்பு, மேலே வழவழப்பாக இருக்கிறது, புண் இல்லை என்று இருந்தது. அந்த ‘வழவழப்பு’தான் முக்கியமான தகவல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கேயே நான்கு துணுக்குக் கிள்ளி அனுப்பினார்கள். சாதாரணத் திசு என்று முடிவு வந்தது. கேன்சர் இல்லை என்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

கஞ்சியும் நிற்க ஆரம்பித்த பிறகு மதுரைக்குப் போனோம். அங்கே எண்டோஸ்கோப் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தார்கள். உங்கள் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததும் அநேகமாக இதுதான். உணவுக்குழாயின் சுவர் அதில் ஐந்து அடுக்காகத் தெரியும். அக்காவின் கட்டி நான்காவது அடுக்கான தசையில், 5 செ.மீ. அளவில் இருந்தது. மேலே உள்தோல் அப்படியே இருக்க, கட்டி அடியில் உட்கார்ந்திருக்கிறது. கிள்ளினால் உள்தோல்தான் வரும், கட்டி வராது. அதனால்தான் ‘சாதாரணம்’ என்று வந்திருக்கிறது. அதைவிட, கிள்ளிய இடம் ஆறும்போது உள்தோல் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்து எடுக்கும்போது கிழியும் என்றார் அந்த மருத்துவர்.

அக்கா கேட்டாள்: “காலர்ல கேன்வாஸ் வச்சு அயர்ன் பண்ணிட்டா அப்புறம் பிரிக்க வராதே சார், அந்த மாதிரியா?”

“அதேதாம்மா” என்றார்.

சிறிய கட்டியாக இருந்தால் வாய் வழியாகவே போய், உள்தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி வழி செய்து எடுத்துவிடும் முறை இப்போது இருக்கிறது. அக்காவுக்கு அளவும் தழும்பும் சேர்ந்து அதற்கு இடம் கொடுக்கவில்லை. வலது விலாப் பக்கம் துளை போட்டு எடுத்தார்கள். அவர் சொன்னபடியே, பயாப்ஸி எடுத்த இடத்தில் உள்தோல் கிழிந்தது. தையல் போட்டார்கள். அதனால் ஆறு நாள் வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏழாம் நாள் டை மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரேயில் பார்த்து, கசிவு இல்லை என்ற பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். அதை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இறங்கியதும் அழுதுவிட்டாள்.

கட்டியின் பெயர் லியோமயோமா, தசையில் வரும் சாதுவான கட்டி. ஆனால் ஜிஸ்ட் என்று, புற்றுநோயாகக்கூடிய இன்னொரு கட்டியும் ஸ்கேனில் இதே மாதிரி தெரியும். அது இரைப்பையில் அதிகம், உணவுக்குழாயில் அபூர்வம். வெட்டியெடுத்த திசுவைச் சாயப் பரிசோதனை செய்து பிரிப்பார்கள். சிடி117 என்ற புரதம் இருந்தால் ஜிஸ்ட், அது இல்லாமல் டெஸ்மின் என்ற தசைப் புரதம் இருந்தால் லியோமயோமா. அந்த முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் ஜிஸ்டுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதற்குக் கேட்ட காப்புரிமையை 2006-இல் முதலில் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நம் ஊர்க் கம்பெனிகள் குறைந்த விலையில் அதைத் தொடர்ந்து செய்ய முடிந்தது அதனால்தான். தேவைப்பட்டால் வாங்கிவிடலாம் என்ற தைரியத்தில்தான் அன்று தூங்கினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பியதும் ‘கேன்சராம்’ என்று பரப்பிவிட்டார்கள். அக்கா மகளுக்குப் பேசி முடிக்கும் நிலையில் இருந்த சம்பந்தம் அப்படியே நின்றது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள், பதில் சொல்லவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தவர்களில் ஒருவராவது என்ன கட்டி என்று எங்களிடம் கேட்டிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பயாப்ஸியே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புண்ணாகவோ, கரடுமுரடாகவோ, தொட்டால் ரத்தம் கசிவதாகவோ இருந்தால் உடனே எடுத்தே ஆக வேண்டும். உணவுக்குழாயில் அதிகம் வருவது புற்றுநோய்தான், அக்காவுக்கு வந்தது அபூர்வம். ஸ்கேன் பார்த்த பிறகு ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டிய கட்டிகளும் உண்டு. 2 செ.மீ.க்குள், தொந்தரவு இல்லாமல் இருந்தால் சும்மா கண்காணிப்பதும் உண்டு.

அம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்து, கட்டிக்கு மேலே உள்தோல் எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிற வரியைப் பாருங்கள். எந்த அடுக்கிலிருந்து கட்டி வருகிறது என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு எது இறங்குகிறது, எது நிற்கிறது, எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மதுரையில் அக்காவிடம் முதலில் கேட்டது அதைத்தான்.