எம்.இ. ப்ராஜெக்ட்: கைடிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

சிவில் துறையில் பதினோரு வருடமாக எம்.இ. மாணவர்களுக்கு ரிசர்ச் மெத்தடாலஜி (ஆய்வு செய்யும் முறை) எடுக்கிறேன். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் அது இரண்டு கிரெடிட் பாடம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்துப் பாஸ் செய்துவிடலாம். ப்ராஜெக்ட்டின் முதல் பாதியைப் பரிசீலிக்கும் ஃபேஸ் ஒன் ரிவ்யூவில்தான் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். மெக்கானிக்கல் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். வரட்டும்.

கேள்வி: மேடம், வெள்ளிக்கிழமைக்குள் டைட்டில் கொடுக்கணும். ‘எம் சாண்ட் கான்கிரீட்டின் பண்புகள் பற்றிய ஆய்வு’ன்னு வெச்சிருக்கேன். சரியா?

டைட்டில் இருக்கிறது, கேள்வி எங்கே? ‘பண்புகள் பற்றிய ஆய்வு’ என்றால் எந்த ரிசல்ட் வந்தாலும் பொருந்திவிடும். அதுதான் அதில் உள்ள கோளாறு. மணல், ஜல்லிக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 383 (2016), எம் சாண்ட் போன்ற நொறுக்கிய மணலில் 75 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் தூளை 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையை நெருங்கும்போது, தண்ணீர் அளவை மாற்றாமல் ஸ்லம்ப் (ஈரக் கான்கிரீட்டின் இளக்கம்) எவ்வளவு இறங்குகிறது? தண்ணீர் கூட்டாமலே இளக்கும் ரசாயனமான சூப்பர் பிளாஸ்டிசைசரை எவ்வளவு கூட்டினால் அதை மீட்கலாம்? இப்படிக் கேட்டால் எதை மாற்றணும், எதை அப்படியே வைக்கணும், எதை அளக்கணும் என்ற மூன்றும் தானாகத் தெரிந்துவிடும். டைட்டிலைக் கடைசியில் எழுதுங்கள்.

கேள்வி: அறுபது பேப்பர் டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன். எல்லாத்தையும் படிக்கணுமா அக்கா?

வேண்டாம். சுருக்கம், படங்கள், முடிவு மட்டும் பார்த்தால் ஐம்பது கழிந்துவிடும். மிச்சமுள்ள பத்தில் சோதனை செய்த விதத்தை வரி விடாமல் படியுங்கள். டேபிள் போடும்போது ‘இவர்கள் எதை மாற்றாமல் வைத்தார்கள்’ என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பேப்பர் எதிரெதிராகப் பதில் சொல்லும் காரணம் பெரும்பாலும் அந்த நெடுவரிசையில்தான் ஒளிந்திருக்கும். உங்கள் ப்ராஜெக்ட்டும் அங்கேயே கிடைக்கலாம். அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் கட்டண இதழ்கள் கிடைக்கும். சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேளுங்கள், நிறையப் பேர் அனுப்பிவைப்பார்கள். இந்திய பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இணையதளம் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: இரண்டு கான்கிரீட் மிக்ஸ். ஒரு மிக்ஸுக்கு மூணு க்யூப் போட்டு உடைச்சு, வலிமைக்கு ஆவரேஜ் எடுத்தேன். 38.2, 40.6 மெகாபாஸ்கல். இரண்டாவது மிக்ஸ்தான் நல்லதுன்னு எழுதிட்டேன். ரிவ்யூவில் ‘எப்படித் தெரியும்?’னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், கோபப்படாதீர்கள். மூன்று க்யூபும் ஒரே டிரம்மில் கலந்த ஒரே பேட்ச்தானே? கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456-ஐ எடுத்துப் பாருங்கள்: மூன்று க்யூபின் சராசரியைத்தான் ஒரு மாதிரியின் வலிமை என்கிறது. அதாவது உங்களிடம் இருப்பது மூன்று சோதனை அல்ல, ஒன்று. ஒரே பானைச் சோற்றில் மூன்று பருக்கை எடுத்துப் பார்த்தது போல. அந்தப் பானை வெந்ததா என்று சொல்லலாம். நாளைக்கு வைக்கும் பானையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அதே மிக்ஸை வேறு நாளில், புதிதாக எடை போட்டு, மறுபடி கலந்து வாருங்கள். ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்குமே 3 மெகாபாஸ்கல் வித்தியாசம் வந்தால், உங்கள் 2.4-க்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு மிக்ஸுக்கும் குறைந்தது மூன்று பேட்ச் வேண்டும். ‘சிமெண்ட்டுக்குக் காசு யார் தருவது’ என்று கேட்பீர்கள், தெரியும். எட்டு மிக்ஸை நாலாகக் குறையுங்கள். எட்டு மிக்ஸை ஒரு முறை செய்வதைவிட நாலு மிக்ஸை மூன்று முறை செய்வது மேல். இதில் நான் யாரோடும் சமரசத்துக்கு வருவதில்லை.

கேள்வி: நான் மெக்கானிக்கல். டர்னிங்கில் (லேத்தில் கடைவது) நாலு ஃபேக்டர், மூணு லெவல், டாகுச்சி எல்9 போட்டிருக்கேன். அனோவாவில் எர்ரருக்கு நேரா ஒண்ணும் வரல. சாஃப்ட்வேர் கோளாறா?

சாஃப்ட்வேர் பாவம். அனோவா என்பது ஒரு ஃபேக்டரால் வந்த மாற்றத்தை எதேச்சையான பிழையோடு ஒப்பிடும் கணக்கு. நாலு ஃபேக்டர், மூன்று லெவல் என்றால் 81 ரன் வேண்டும்; டாகுச்சியின் எல்9 அட்டவணையால் அதை 9 ஆகச் சுருக்கினீர்கள். ஒன்பது ரன்னில் கிடைப்பது 8 டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது மதிப்பிடக் கையில் இருக்கும் எட்டுத் தனித் தகவல். நாலு ஃபேக்டரும் ஆளுக்கு 2 எடுத்துக்கொண்டால் எட்டும் காலி. பிழையை மதிப்பிட எதுவும் மிச்சமில்லை. மொத்த செட்டையும் இன்னொரு முறை ஓட்டுங்கள்: 18 ரன், 17 டிகிரி, எட்டு போக 9 மிச்சம். அப்போது எஃப் மதிப்பு (அந்த ஒப்பீட்டின் விகிதம்) பேசும். ஒரே பீஸில் மூன்று இடத்தில் ரஃப்னஸ் (மேற்பரப்பின் சொரசொரப்பு) அளப்பது ‘இன்னொரு முறை’ ஆகாது. அதுவும் மேலே சொன்ன பருக்கைக் கதைதான்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே ரன்களை ஓட்டினீர்களா? எல்9-இன் முதல் நெடுவரிசை 1,1,1,2,2,2,3,3,3 என்று போகும். அதில் ஸ்பீடை வைத்திருந்தால் குறைந்த ஸ்பீடுக்குப் புது இன்சர்ட் (வெட்டும் முனை), அதிக ஸ்பீடுக்குத் தேய்ந்த இன்சர்ட். ரஃப்னஸ் மாறியது ஸ்பீடாலா, தேய்மானத்தாலா? இனி பிரிக்கவே முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஓட்டுங்கள். 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலைய வயல்களில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வலியுறுத்தியது இதைத்தான். தலைமடையில் எல்லாம் புது விதை, கடைமடையில் எல்லாம் பழைய விதை என்று போட்டுவிட்டுப் புது விதை நல்லது என்றால் நம் ஊர் விவசாயி சிரிக்க மாட்டாரா?

கேள்வி: பேரிங் ஃபால்ட் கண்டுபிடிக்க சிஎன்என் (ஒரு வகை நியூரல் நெட்வொர்க்) மாடல். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலையின் பேரிங் அதிர்வு டேட்டாவில் 99.8% அக்யூரசி. ஆனா கைடு நம்ப மாட்டேங்கிறார்.

நானும் நம்பவில்லை. ஒரே ரெக்கார்டிங்கைத் துண்டு துண்டாக வெட்டி, கலைத்துப் போட்டு, ட்ரெய்ன் (பயிற்சிக்கு), டெஸ்ட் (சோதனைக்கு) என்று பிரித்திருப்பீர்கள். பக்கத்துத் துண்டைப் படித்துவிட்டு இந்தத் துண்டுக்குப் பரீட்சை எழுதினால் யாரும் நூற்றுக்கு நூறு எடுக்கலாம். அந்த டேட்டாவில் பழுதின் அளவு 0.007, 0.014, 0.021 அங்குலம் என்று இருக்கிறது. இரண்டு அளவில் பயிற்சி கொடுத்து, மூன்றாவதில் சோதியுங்கள். அக்யூரசி இறங்கும். இறங்கிய எண்ணைத் தைரியமாக எழுதுங்கள்.

கேள்வி: சிமிலாரிட்டி (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 18% வருது. ஆன்லைன் டூலில் வார்த்தைகளை மாத்திடலாமா?

கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்கணும். உங்களுடையது பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் லிட்ரேச்சர் அத்தியாயமாக இருக்கும். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள், மேற்கோளைக் குறிப்பிடுங்கள். அந்த டூல்களின் லட்சணம் தெரியுமா? ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதை ‘போலி உணர்வு’ ஆக்கி, அது அப்படியே பேப்பர்களில் அச்சாகியும் இருக்கிறது.

கேள்வி: கான்கிரீட்டில் ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) சேர்த்தேன். பேஸ் பேப்பரில் (நான் அடிப்படையா எடுத்த பேப்பர்) வலிமை கூடியிருக்கு, எனக்குக் குறையுது. சீனியர்ஸ் ‘நம்பரை அட்ஜஸ்ட் பண்ணு’ன்னு சொல்றாங்க. பயமா இருக்கு அக்கா.

பயப்படாதேம்மா. முதலில், அது எத்தனை நாள் ரிசல்ட்? 7 நாள் என்றால் குறைவது இயல்பு, ஃபிளை ஆஷ் மெதுவாகத்தான் வேலை செய்யும். 28 நாளிலும் குறைந்தால் 56 அல்லது 90 நாளுக்கும் க்யூப் வைத்திருக்கிறாயா பார். பேஸ் பேப்பரில் நீர்-சிமெண்ட் விகிதத்தைக் குறைத்திருந்தார்களா என்றும் பார்.

எனக்கும் இது நடந்தது. எம்.இ. படிக்கும்போது இரண்டாவது பேட்ச் 6 மெகாபாஸ்கல் குறைந்தது. இரண்டு வாரம் தூக்கமில்லை. நோட்டைப் புரட்டினால் அன்று தேதிக்குப் பக்கத்தில் ‘மழை’ என்று மட்டும் கிறுக்கியிருந்தேன். வெளியே குவித்திருந்த ஈர மணலை அப்படியே எடை போட்டிருக்கிறேன்; ஈரப்பதத் திருத்தமே செய்யவில்லை. நோட்டில் அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நானும் எண்ணைத்தான் மாற்றியிருப்பேனோ என்னவோ.

நீ மணலைக் காயவைத்து ஒரு பேட்ச் மறுபடி போடு. மெஷினில் காலிப்ரேஷன் (அளவு சரிபார்த்த) தேதியைப் பார். அதற்குப் பிறகும் குறைந்தால் குறைந்ததையே எழுது. ரிவ்யூவுக்குப் போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.