செனட் சொன்ன பணத்தை நம்பிக் கடன் வாங்கலாமா?

(ஏப்ரல் 2014)

கேள்வி: எனக்கு வயது 47. நியூ ஜெர்சி எடிசனில் குடும்பத்தோடு இருக்கிறேன். எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள். போன வருடம் மார்ச்சில் வேலை போனது. மாநிலம் தந்த 26 வார வேலையிழப்புப் படி செப்டம்பரில் முடிந்து, அதன்பின் மத்திய அரசின் நீட்டிப்புப் படி வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 28-ஆம் தேதியோடு அதுவும் நின்றுவிட்டது. இப்போது செனட்டில் மசோதா நிறைவேறிவிட்டது, ஐந்து மாதப் பணம் முன்தேதியிட்டு மொத்தமாக வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு 11,000 டாலர் அளவுக்கு வர வேண்டும். அதுவரை சமாளிக்க, ஒரு வருடத்துக்கு வட்டியில்லை என்று சொல்லும் கிரெடிட் கார்டில் 10,000 எடுக்கலாமா? அல்லது ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யில் கை வைக்கலாமா? அதில் 1,18,000 இருக்கிறது. வங்கிச் சேமிப்பு 14,000. மனைவிக்குப் பகுதி நேர வேலை, சம்பளம் மாதம் 2,100, கைக்கு 1,800 வரும். வீட்டுக் கடன் 2,050, பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டை கோப்ரா என்ற ஏற்பாட்டில் நானே கட்டித் தொடர்வதற்கு 1,450, மற்ற செலவு 1,300. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். திருச்சியில், வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.இ. டெபாசிட் 7 லட்சம் ரூபாய் அப்பா அம்மாவின் அவசரத்துக்கென்று கிடக்கிறது. வேலை போன குழப்பத்தில் 2013 வரியையும் இன்னும் தாக்கல் செய்யவில்லை, 1,900 டாலர் கட்ட வேண்டிவரும் போலிருக்கிறது.

பதில்: கார்டில் எடுக்க வேண்டாம். 401(கே)-யிலும் இப்போது கை வைக்க வேண்டாம். நீங்கள் கேட்காத ஒரு செலவில்தான் உங்களுக்கான வழி இருக்கிறது. ஆனால் அந்த 11,000 மனதில் இருக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி செனட் 59-38 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. ரோட் ஐலண்டின் ஜாக் ரீடும் நெவாடாவின் டீன் ஹெல்லரும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, சேர்ந்து கொண்டுவந்தது. டிசம்பர் 28-லிருந்து ஐந்து மாதத்துக்கு முன்தேதியிட்டுத் தர வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் செனட் பாதி வழிதான். பிரதிநிதிகள் சபையும் நிறைவேற்ற வேண்டும். அங்கே எதை வாக்கெடுப்புக்கு விடுவது என்பது சபாநாயகர் ஜான் பெய்னரின் கையில். செலவுக்கு ஈடான வரவு காட்டப்பட வேண்டும், வேலைகளை உருவாக்கும் அம்சங்களும் இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் நிபந்தனை. செனட் மசோதா ஏறக்குறைய 1,000 கோடி டாலர் செலவுக்கு வரவு காட்டியிருக்கிறது. ஓய்வூதிய நிதிக்குக் கம்பெனிகள் கட்ட வேண்டிய தொகையைத் தள்ளிப்போட அனுமதித்து, அதனால் கூடும் வரியை வரவாகக் காட்டும் ஏற்பாடு அது. எதிர்ப்பவர்கள் அதைக் கணக்கு வித்தை என்கிறார்கள். வேலைவாய்ப்பு அம்சம் எதுவும் அதில் இல்லை. மசோதா சபாநாயகரின் மேசையில் கிடக்கிறது.

"2010-லும் இப்படித்தான் இழுத்தார்கள், கடைசியில் வந்ததே" என்று நினைப்பீர்கள். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2010 ஜூன் தொடக்கத்தில் படி நின்றது. ஏழு வாரம் கழித்து, காலமான செனட்டர் ராபர்ட் பேர்டின் இடத்துக்கு வந்த கார்ட் குட்வின் பதவியேற்ற அன்றே, செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவையான அறுபதாவது வாக்கு கிடைத்தது. ஜூலை 22-ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார், நின்ற பணம் முழுவதும் திரும்ப வந்தது. அப்போது என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்திடம் "பொறுங்கள், வந்துவிடும்" என்று நானே சொன்னேன். அவர்கள் கார்டில் வாங்கி ஓட்டினார்கள். பணமும் வந்தது, கடனும் அடைந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கு விழாமல் போயிருந்தால் அவர்களை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அதன்பிறகு யாரிடமும் அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை.

2010-ல் நிலைமையே வேறு. பிரதிநிதிகள் சபை ஆதரவாக இருந்தது, முட்டுக்கட்டை செனட்டில்தான். அறுபது வாக்கு சேர்ந்ததும் கதவு திறந்துவிட்டது. இப்போது செனட் கதவு திறந்திருக்கிறது, உள்கதவு பூட்டியிருக்கிறது. அன்று நாட்டின் வேலையின்மை 9 சதவீதத்துக்கு மேல், இன்று 6.7. அந்த எண்ணைக் காட்டி "அவசரக் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்வது சுலபமாகிவிட்டது. ஆனால் அரை வருடத்துக்கு மேல் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் 37 லட்சம் பேர் என்று மார்ச் மாதக் கணக்கு சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர்.

சபைக்குள்ளும் அசைவு இல்லாமல் இல்லை. நம் மாநிலத்தின் ஃப்ராங்க் லோபியோண்டோ, நியூயார்க்கின் பீட்டர் கிங் உட்பட ஏழு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பெய்னருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சபாநாயகரைத் தாண்டி மசோதாவைச் சபைக்குக் கொண்டுவர 218 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். ஜனநாயகக் கட்சியினர் அத்தனை பேரும் போட்டாலும் அது எட்டாது. சரி, எல்லாம் கூடிவந்து மே மாதம் நிறைவேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாநிலங்களின் தொழிலாளர் துறைகளுக்கான சங்கம் மார்ச்சிலேயே எச்சரித்தது: பழங்காலக் கணினிகளில் முன்தேதிக் கணக்குப் போட்டுப் பணம் அனுப்ப ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும் என்று. ஆக நல்லபடி நடந்தாலும் பணம் கோடையில்தான். நடக்காவிட்டால் வட்டியில்லாக் காலம் முடிந்த மறுநாள் அந்த 10,000-க்கு 18 சதவீதமோ அதற்கு மேலோ வட்டி ஓட ஆரம்பிக்கும்.

இந்தப் படி வர வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதை மறைக்கப் போவதில்லை. 26 வாரத்துக்கு மேல் கொடுப்பது தொழிலாளர்களுக்கே கெடுதல் என்று செனட்டர் ரான்ட் பால் டிசம்பரில் சொன்னார். என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும் யாரும் வாரம் 500 டாலருக்காக வீட்டில் இருப்பவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஆறு மாத இடைவெளி தெரியும் ரெஸ்யூமேயை கம்பெனிகள் ஒதுக்குகின்றன என்பதைக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வே காட்டியிருக்கிறது. உங்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும், எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று அங்கே குறித்துக்கொள்வார்கள். ஆனால் போன் செய்வது வேறு, அந்தப் பணத்தை வீட்டுக் கணக்கில் எழுதுவது வேறு. கணக்கில் அதற்கு நேரே பூஜ்யம் போடுங்கள்.

இப்போது அந்தச் செலவுக்கு வருகிறேன். கோப்ரா.

உங்கள் மாதச் செலவு 4,800, வரவு 1,800. பள்ளம் 3,000. 14,000 சேமிப்பு ஐந்து மாதம்கூடத் தாங்காது. அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய பாதி கோப்ரா கட்டணம். படி வந்துகொண்டிருந்தபோது உங்கள் வருமானம் அதிகம், வேறு வழி இருந்திருக்காது. படி நின்றதால் இன்று உங்கள் குடும்பத்தின் மாத வருமானம் 2,100. இந்த ஜனவரியிலிருந்து நியூ ஜெர்சியில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் விரிவாக்கப்பட்டிருக்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு மாத வருமானம் சுமார் 2,740-க்குள் இருந்தால் பெரியவர்களுக்கும் அது கிடைக்கும், இங்கே அதன் பெயர் 'என்.ஜே. ஃபேமிலிகேர்'. பிள்ளைகளுக்கு வரம்பு இதைவிட அதிகம். சேமிப்பையோ 401(கே)-யையோ வீட்டையோ அதில் பார்ப்பதில்லை. மார்ச் 31-ஆம் தேதிக் கெடு எல்லாம் அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் காப்பீட்டுக்குத்தான், இதற்கு வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம். டெபாசிட் வட்டியையும் வருமானமாகக் காட்டுங்கள், அதைச் சேர்த்தாலும் வரம்புக்குள்தான் இருப்பீர்கள். விண்ணப்பங்கள் தேங்கியிருப்பதாகக் கேள்வி. அதனால் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை கோப்ராவை விட்டுவிடாதீர்கள்.

401(கே)-யைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலிருந்து எடுக்கும் பணம் அந்த மாத வருமானமாகக் கணக்கில் ஏறி, ஃபேமிலிகேர் வரம்பைத் தாண்ட வைத்துவிடும். அதோடு 20,000 கேட்டால் வரிக்கென்று 20 சதவீதம் முதலிலேயே பிடித்துக்கொண்டு 16,000தான் தருவார்கள். முன்கூட்டியே எடுப்பதற்கான 10 சதவீத அபராதம் 2,000 தனி, வரி தாக்கல் செய்யும்போது அதுவும் கணக்கில் சேரும். எதிர்காலத்தில் எடுத்தே தீர வேண்டும் என்று வந்தால், முதலில் அதை ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு தேவையானதை மட்டும் எடுங்கள். தொடர்ந்து 12 வாரம் வேலையிழப்புப் படி வாங்கியவர், படி வாங்கிய வருடத்திலோ அடுத்த வருடத்திலோ ஐ.ஆர்.ஏ.-விலிருந்து எடுத்து மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டினால் அந்தத் தொகைக்கு அபராதம் கிடையாது. 401(கே)-யிலிருந்து நேராக எடுத்தால் இந்தச் சலுகை இல்லை.

கோப்ரா நின்றதும் மாதப் பள்ளம் 1,550. அதே 14,000 ஒன்பது மாதம் வரும். திருச்சி டெபாசிட்டையும் சேர்த்தால், இன்றைய விலைக்குச் சுமார் 11,500 டாலர், பதினாறு மாதம் தாங்கும். உங்களுக்கு வேண்டியது இந்தக் கால அவகாசம்தான். செனட் பணம் முழுவதும் வந்திருந்தாலும் பழைய செலவில் நான்கு மாதம் தாங்கியிருக்காது.

அப்பா அம்மாவுக்கென்று வைத்ததை உடைப்பதா என்று மனது கேட்கும். அதை இன்றே உடைக்கச் சொல்லவில்லை. சேமிப்பு 5,000-க்கு இறங்கும்போது பாதியை எடுங்கள், மீதி அவர்களின் அவசரத்துக்கு இருக்கட்டும். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அசலை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. இன்னொன்று, வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தத் தொகை போன வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்.பி.ஏ.ஆர். அறிக்கை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். அபராதம் கடுமையானது, மறக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச மதிய உணவு கிடைக்கும் வருமானத்தில்தான் இப்போது இருக்கிறீர்கள். உணவு உதவியான 'ஸ்நாப்'புக்கும் விண்ணப்பியுங்கள். நம்மவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள், கை நீட்டுவதா என்று. நல்ல வேலையில் இருந்த காலமெல்லாம் இதற்கான வரியை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். வேலையிழப்பு நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் பிடிக்கும் மாநிலங்கள் மூன்றே மூன்று. அதில் நியூ ஜெர்சி ஒன்று. உங்கள் பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அந்தப் பிடித்தம் ஒவ்வொன்றிலும் இருக்கும்.

வீட்டுக் கடனுக்கு ஒரு தவணையும் தவறுவதற்கு முன்பே கடன் நிறுவனத்தைக் கூப்பிட்டு, வேலையில்லாதவர்களுக்கான தவணைத் தள்ளிவைப்பு உண்டா என்று கேளுங்கள். மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இலவசமாகவே உதவுவார்கள். முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

வரியை இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள், பணம் இல்லாவிட்டாலும். தாக்கல் செய்யாமல் இருப்பதற்கு மாதம் 5 சதவீத அபராதம், உங்களுக்கு 95 டாலர். தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருப்பதற்கு மாதம் அரை சதவீதம், பத்து டாலர்கூட இல்லை. தவணையில் கட்ட இணையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். இந்த 1,900 எப்படி வந்தது என்றால், படியிலிருந்து மத்திய வரி பிடிக்கச் சொல்லாமல் விட்டதால். நியூ ஜெர்சி இதற்கு வரி போடுவதில்லை, வாஷிங்டன் போடும்.

வாராவாரம் எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முன்தேதியிட்டுப் பணம் தரும் நாள் வந்தால், அந்த வாரங்களில் வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். மாநில அலுவலகத்தின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். பணம் வந்தேவிட்டால் 10 சதவீதத்தை வரிக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஃபேமிலிகேர் அலுவலகத்துக்கு வருமான மாற்றத்தைத் தெரிவியுங்கள். மீதியில் முதலில் அந்த 1,900-ஐ அடைத்துவிடுங்கள், அப்புறம் திருச்சி டெபாசிட்டில் எடுத்ததைத் திரும்பப் போடுங்கள்.