பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்கு 50 டாலர் கட்டலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 2016-இல் வேலை போனபோது ஒரு கிரெடிட் கார்டில் 4,200 டாலர் பாக்கி நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எதுவும் கட்டவில்லை. இப்போது ஒரு கடன் வசூல் நிறுவனம் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கடனைத் தாங்கள் வாங்கியிருப்பதாகவும், நல்லெண்ணத்துக்காக இன்றே 50 டாலர் கட்டினால் மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கட்டிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். இந்தக் கடனின் வயது உறுதியாகும் வரை ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். "தந்துவிடுகிறேன்" என்று வாய்வார்த்தையாகவும் சொல்லாதீர்கள்.

கடனைக் கேட்டு வழக்குத் தொடர அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலமும் ஒரு காலவரம்பு வைத்திருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அது 3 முதல் 6 ஆண்டுகள். உங்கள் நியூ ஜெர்சியில் 6, டெக்சாஸில் 4. நியூயார்க்கில் 6 ஆக இருந்ததை நுகர்வோர் கடன்களுக்கு 2022 முதல் 3 ஆகக் குறைத்துவிட்டார்கள். பொதுவாகத் தவணை தவறிய நாளிலிருந்தோ கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்தோ இந்தக் கணக்கு தொடங்கும். அதன்படி பார்த்தால் உங்கள் கடன் 2022-லேயே காலாவதியாகியிருக்க வாய்ப்பு அதிகம். எனினும் கார்டு ஒப்பந்தம் வேறொரு மாநிலத்தின் சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தாலோ, இடையில் நீங்கள் மாநிலத்தை விட்டு வெளியே வசித்திருந்தாலோ இந்தக் கணக்கு மாறக்கூடும்.

காலாவதியானது என்பதால் கடனே இல்லை என்று ஆகிவிடாது. விஸ்கான்சின், மிசிசிப்பி போன்ற சில இடங்களில்தான் கெடு முடிந்ததும் கடனும் அழிகிறது. மற்ற இடங்களில் கடன் நிற்கிறது, அதை நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. அந்த வழியை மீண்டும் திறந்துவிடக்கூடியதுதான் நீங்கள் கட்டவிருக்கும் 50 டாலர். பல மாநிலங்களில் ஒரு சிறு தொகையைச் செலுத்துவதோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்பதோ கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். நியூயார்க் 2022-இல் இதற்குத் தடை போட்டது. ஆனால் நீங்கள் இருப்பது அங்கே அல்ல. இன்றே, இவ்வளவு சிறிய தொகை போதும் என்று ஒருவர் அவசரப்படுத்தும்போது அந்த அவசரம் யாருக்கு லாபம் என்று பாருங்கள்.

முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வசூல் நிறுவனம் உங்களை முதன்முறை தொடர்புகொண்ட 5 நாட்களுக்குள் கடன் விவரக் கடிதம் தர வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்து மூலம் மறுத்தால், ஆதாரம் காட்டும் வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். அந்தக் கடிதத்தில் ஒரு தேதியும் அன்றைய பாக்கியும் இருக்கும். அதைக் கண்டு ஏமாறாதீர்கள்: அது கடைசியாகப் பணம் கட்டிய நாளாக இருக்கலாம், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடனாகத் தள்ளிய நாளாகவும் இருக்கலாம். ஆகவே உங்கள் பழைய வங்கி அறிக்கைகளைத் தேடியெடுத்துக் கடைசித் தவணையின் தேதியை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலாவதியான கடனுக்காக வசூல் நிறுவனம் வழக்குப் போடுவதையும், போடுவேன் என்று மிரட்டுவதையும் 2021 நவம்பர் 30 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி விதி தடைசெய்கிறது. அப்படியும் சம்மன் வந்தால் தயவுசெய்து அதை அலட்சியப்படுத்தாதீர்கள், ஏனெனில் காலவரம்பு தாண்டிவிட்டது என்பதை நீங்கள்தான் எதிர்வாதமாக எழுப்ப வேண்டும். நீதிபதி தாமாகவே தேதியைப் பார்த்து வழக்கைத் தள்ளுபடி செய்வார் என்று நம்பியிருக்க முடியாது. பதில் தாக்கல் செய்யாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, எப்போதோ காலாவதியான கடனுக்காக உங்கள் சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் பிடித்தம் செய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். இத்தகைய வழக்குகளில் மக்கள் பெரிதும் இழப்பது இந்த இடத்தில்தான்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டின் கணக்கு வேறு. அதில் இந்தப் பாக்கி ஏறக்குறைய 7 ஆண்டுகள்தான் இருக்கலாம். கடன் கை மாறியதாலோ நீங்கள் இப்போது பணம் கட்டுவதாலோ அந்த 7 ஆண்டுகள் மறுபடி தொடங்காது. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். புதிய தேதி போட்டு அதில் ஏற்றியிருந்தால் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், வாங்கிய கடனை அடைத்துவிட வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், அதை நான் மதிக்கிறேன். அப்போதும் தவணை வேண்டாம். ஒரே தொகையாகப் பேசி முடித்து, அதைப் பெற்றுக்கொண்டால் பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணத்தை அனுப்புங்கள். தள்ளுபடியாகும் தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வருமானமாகக் கருதப்பட்டு 1099-சி என்ற வரிப் படிவம் வரக்கூடும். அந்த ஆண்டின் வரிக்கணக்கில் அதற்கும் இடம் ஒதுக்கி வையுங்கள்.