முதியோர் இல்லத்துக்காக மாவுக் கடை: டிரஸ்ட் வியாபாரம் செய்யலாமா?

கேள்வி: திருமங்கலம் அருகே ஆதரவற்ற முதியோருக்கு இலவச இல்லம் நடத்துகிறோம். டிரஸ்டுக்கு 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு உண்டு. நன்கொடை குறைந்ததால், என் கொழுந்தனாரின் கடையை வாடகைக்கு எடுத்து இட்லி மாவு விற்கிறோம். பில் ஒன்றை இணைத்திருக்கிறேன். வரிவிலக்கு போய்விடும், தனிக் கம்பெனி தொடங்குங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. டிரஸ்ட் வியாபாரமே செய்யக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வியாபாரம் டிரஸ்டின் நோக்கத்துக்குத் துணையாக இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(4ஏ) பிரிவில் இருந்த இந்த இரண்டு நிபந்தனைகளும் புதிய 2025 சட்டத்திலும் தொடர்கின்றன. வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 'பிற பொதுநலப் பணி' டிரஸ்டுகளுக்கு. ஏழைகளுக்கு உதவுவது தனி வகை, அதற்கு இந்த வரம்பு இல்லை. உங்கள் டிரஸ்ட் பத்திரத்தின் நோக்கப் பிரிவில் அது தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தினத்தந்தி பத்திரிகையை நடத்திய தந்தி டிரஸ்டின் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம், பத்திரிகை வருமானம் டிரஸ்டின் கல்வி, ஏழைகள் உதவிப் பணிகளுக்குப் போவதால் அது துணை வியாபாரமே என்றது. 2022-ல் அதே நீதிமன்றத்தின் பார்வை இறுகிவிட்டது. அதனால் கடையை இல்லத்தோடு எவ்வளவு ஒட்டிவைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் தயாரிக்கிறது. வியாபாரமும் பார்வை கொடுக்கும் வேலையும் அங்கே ஒன்றுதான். உங்கள் கிரைண்டரும் இல்லத்து அடுப்படிக்கும் சேர்த்தே அரைக்கட்டும்.

எனக்குக் கவலை தந்தது அந்த பில்தான். மேலே 80ஜி எண், கீழே 'மாவு 2 கிலோ'. மாவு வாங்குகிறவர் கொடுப்பது விலை, நன்கொடை அல்ல. இந்த பில் புத்தகத்தை இன்றே நிறுத்துங்கள். கடைக்கு வேறு பில், வேறு வங்கிக் கணக்கு வையுங்கள். கல்லாப் பணத்தை உண்டியல் பணத்தோடு ஒரு நாள்கூடக் கலக்காதீர்கள்.

அடுத்து வாடகை. நீங்கள் டிரஸ்டி என்றால் கொழுந்தனாரும் சட்டப்படி உறவினர். ஊர் வாடகையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் விலக்குக்கே ஆபத்து. பக்கத்துக் கடைகளின் வாடகையை விசாரித்து, வாடகை ஒப்பந்தமும் டிரஸ்டிகளின் தீர்மானமும் எழுதி வையுங்கள்.

கம்பெனி யோசனை வேண்டாம். டிரஸ்ட் பணத்தைச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில்தான் போடலாம். சாதாரண பிரைவேட் லிமிடெட் பங்கு அதில் வராது.

அப்புறம், பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், தர்ம டிரஸ்ட் என்பதற்காக விலக்கு கிடையாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இப்போதே தேவை. பத்திர நகலோடு ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள்.