ஆறு சுவைகளில் எத்தனை கலவைகள்?

"அறுசுவையில் 63 கலவை உண்டு என்கிறார்களே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான், பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையிலேயே இந்த 63 இருக்கிறது.

ஒவ்வொரு சுவையையும் சேர்க்கலாம், அல்லது விடலாம். இரண்டே வழி. 2-ஐ ஆறு முறை பெருக்கினால் 64. எதையுமே சேர்க்காத ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

சரியாக மூன்று சுவை மட்டும் எடுப்பதென்றால்? இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். முதலாவதற்கு 6 வழி, அடுத்ததற்கு 5, பிறகு 4, பெருக்கினால் 120. ஆனால் புளிப்பு, உப்பு, காரம் மூன்றையும் எந்த வரிசையில் போட்டாலும் கலவை ஒன்றுதான். மூன்றை 3 × 2 × 1 = 6 வரிசைகளில் போடலாம் என்பதால், அந்த ஒரே கலவையை 6 தடவை எண்ணியிருக்கிறோம். எனவே 120-ஐ 6-ஆல் வகுக்க, 20.

இப்படியே ஒரு சுவையில் தொடங்கி ஆறு வரை எண்ணினால் 6, 15, 20, 15, 6, 1, கூட்டிச் சரிபாருங்கள். இலையில் எது முதலில், எது அடுத்து என்ற வரிசையும் முக்கியமென்றால் மட்டும் வகுக்காதீர்கள், மூன்று சுவைக்கு 120-தான் விடை.